திருவந்திபுரத்தில் வாங்கிய கடிதம்

நம் வேதிப்பொறியியல் துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன திங்கட்கிழமை நீங்கள் கொடுத்தனுப்பிய விண்ணப்பக் கட்டு வீடு வந்து சேர்ந்தது. "மேடம், சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க" என்று மேலே ஒரு சீட்டும் குத்தி வைத்திருந்தீர்கள். ஜூன் மாதம் ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்ற நினைப்பு. இருக்கட்டும். பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இதே விண்ணப்பத்தில் நான் இரண்டு முறை பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தொழிற்சாலைகளோடு சேர்ந்து முனைவர் பட்டம் செய்ய வைக்கும் இந்தப் பயிற்சித் திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆய்வாளர் பாதி நாள் சிதம்பரத்தில் நம் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், பாதி நாள் தொழிற்சாலையில். உதவித்தொகை அரசு கொடுக்கும். "இவருக்கு எங்கள் ஆலையில் இடம் கொடுக்கிறோம்" என்று அந்தத் தொழிற்சாலை ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தில்தான் கதையே இருக்கிறது.

நம் துறையில் அந்தக் கடிதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாமே எழுதுவோம். கம்பெனிக்காரர்கள் பாவம், அவர்களுக்கு எங்கே நேரம் என்று சொல்லிக்கொள்வோம். நாமே அவர்கள் பெயரில் அடித்து, நாமே அவர்கள் சார்பில் பெருமகிழ்ச்சி அடைந்து, சகல வசதிகளும் செய்து தருவதாக நாமே நமக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டு, அவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குவோம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதுவும் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக.

முதல் முறை 2005. மூன்று தொழிற்சாலைகளுக்கு மூன்று கடிதம். ஒன்றை அடித்து முடித்துவிட்டு மற்ற இரண்டிலும் கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றினேன். கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டு மருந்து ஆலை ஒன்றுக்கு அடித்த கடிதத்தின் மூன்றாவது பத்தியில் புதுச்சேரி சோப்புக் கம்பெனியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டவர் படிக்கவில்லை. அனுப்பிய நானும் படிக்கவில்லை. தேர்வுக் குழு மட்டும் படித்தது. நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. அந்த விண்ணப்பத்தில் இருந்த மாணவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். நன்றாகத்தான் இருக்கிறான், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறான். ஆனால் அவன் ஆராய்ச்சி செய்யப் பிறந்த பையன். அவன் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

அதிலிருந்து நான் என்ன பாடம் கற்றேன் தெரியுமா? அடுத்த முறை பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று. அவ்வளவுதான் என் புத்தி.

இரண்டாவது முறை 2008. அந்த முறை என்னிடம் வந்தவள் எஸ்தர்.

குறிஞ்சிப்பாடிக்காரி. நம் துறையிலேயே எம்.டெக். முடித்தவள். குடிகாட்டில் நிறமித் தூள் செய்யும் ஓர் ஆலையில் மூன்று வருடமாக ஒப்பந்த கெமிஸ்ட். ஒப்பந்தக்காரர்களுக்கு அங்கே மஞ்சள் பாஸ், நிரந்தர ஊழியர்களுக்கு நீலப் பாஸ். மஞ்சள் பாஸ்காரர்கள் சோதனை செய்யலாம், அறிக்கை எழுதலாம், கையெழுத்துப் போடக் கூடாது. எஸ்தர் எழுதிய அறிக்கையில் எல்லாம் பக்கத்து மேசைக்காரர் கையெழுத்துப் போடுவார். அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

திட்டத்துக்கு முப்பத்திரண்டு வயது வரம்பு. எஸ்தருக்கு அந்த ஆகஸ்டில் முப்பத்திரண்டு முடிந்துவிடும். விண்ணப்பம் கோருவது மூன்று வருடத்துக்கு ஒரு முறை. ஆகவே அவளுக்கு இந்த ஒரே வாய்ப்புதான். தவறினால் ஆயுளுக்கும் மஞ்சள் பாஸ்.

அவள் கேட்ட ஆராய்ச்சிக் கேள்வி மிகவும் எளிமையானது. நிறமியைச் செய்து முடித்ததும் அதோடு உப்பு கலந்திருக்கும். ஃபில்டர் பிரஸ் என்ற பெரிய இயந்திரத்தில் அதைக் கெட்டியான கட்டியாகப் பிடித்து, தண்ணீர் விட்டு உப்பு போகக் கழுவுவார்கள். மூன்று மணி நேரம் கழுவ வேண்டும் என்று ஆலையில் விதி. அங்கே அய்யனார் என்று ஒரு மூத்த ஆபரேட்டர். அவருக்கு அந்த விதியில் நம்பிக்கை இல்லை. வெளியே வரும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துச் சூடான ஸ்டீம் பைப்பின் மேல் விடுவார். காய்ந்ததும் வெள்ளையாக வளையம் நின்றால் உப்பு இன்னும் இருக்கிறது. வளையம் இல்லையென்றால் கழுவியாயிற்று. அவர் கணக்குப்படி பல நாள் ஒன்றரை மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆனாலும் தண்ணீர் மூன்று மணி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவ்வளவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

"எங்க பிளான்ட்டில் தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது." எஸ்தர் கொண்டுவந்த முதல் வரைவின் முதல் வரி இது. நான் சிவப்புப் பேனாவால் அதை அடித்தேன். ஸ்டீம் பைப், சொட்டு, அய்யனார் எல்லாவற்றையும் அடித்தேன். கணித மாதிரி, நிறைப் பரிமாற்றம் என்று ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு நீளும் தலைப்பைப் போட்டேன். எஸ்தர் வாங்கிப் படித்தாள். "நல்லாருக்கு மேடம்" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சென்னையில் விண்ணப்பத்தை நேரில் கொடுத்தாக வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, நான் அடித்த கடிதத்தோடு இருவரும் ஆலைக்குப் போனோம். ஒர்க்ஸ் மேனேஜர் வாட்டசாட்டமான மனிதர். அதிகம் பேச மாட்டார். கடிதத்தை வாங்கினார். பென்சிலை எடுத்தார். வரிக்கு வரி பென்சிலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் நான் எழுதிய கடிதத்தை ஒரு கம்பெனிக்காரர் படித்து நான் பார்த்ததே இல்லை.

"மேடம், இதுல எங்க ஃபேக்டரி எங்க இருக்கு?" என்றார்.

"மேல பேர் போட்டிருக்கே சார்."

"பேர் இருக்கு. அதத் தூக்கிட்டு ஒரு பிஸ்கட் கம்பெனி பேரப் போட்டாலும் லெட்டர் சரியாத்தான் இருக்கும். சகல வசதியும் செஞ்சி தரோம்னு எழுதியிருக்கீங்க. இன்னா வசதி? எங்ககிட்ட இருக்கறது நாலு ஃபில்டர் பிரஸ்ஸு, ஒரு லேபு, வாசல்ல ஒரு டீக்கடை." பென்சிலைக் கீழே வைத்தார். "அதுவும் போவட்டும். தீபாவளிக்கு முன்னாடி ஒரு பேட்ச் போச்சே, அது எங்க?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நானே எழுதித் தரேன், சனிக்கிழம வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன அக்டோபரில் ஒரு நாள் அய்யனாரின் சொட்டில் வளையம் விழவில்லை. இவள் மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீரை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சரக்கு முழுவதும் உப்போடு போய்ச் சேர்ந்து, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவளுக்கு மெமோ.

"ஆறு மாசமா என் ரூம்ல உக்காந்து டீ குடிக்கிறியே, இத சொல்ல வாய் வரலையா?" நடுரோட்டில் கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா என்னை எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன் மேடம்" என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னாள்: "மறுநாள் நான் அந்தக் கட்டிய ஒடச்சிப் பாத்தேன். உள்ள பூரா விரிசல். தண்ணியெல்லாம் விரிசல் வழியா ஓடிட்டிருக்கு. அதான் வெளிய சுத்தமா வந்துச்சு. உப்பு உள்ளயே குந்திக்கினு இருந்திருக்கு."

இப்போது உங்களில் கூர்மையான ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு நான் நிமிரவில்லை. என் மனம் முழுவதும் கையெழுத்தில் இருந்தது. கெட்டுப்போன பேட்ச் விஷயம் குழுவின் காதுக்கே போகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

சனிக்கிழமை போனால் மேனேஜர் இல்லை. அக்கா மகள் கல்யாணம் என்று இரண்டு நாள் விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் முகூர்த்தம். செல்போன் அணைத்துக் கிடந்தது. வாசலில் வருகை பதியும் டைம் ஆபீஸில் இருந்தவரிடம் கேட்டு எஸ்தர் ஆலையின் கடிதத்தாள் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றில் நான் என் பழைய கடிதத்தையே கொஞ்சம் மெருகேற்றி அடித்தேன். இன்னொன்று வெறும் தாள்.

தை மாதத்து ஞாயிறு முகூர்த்தத்தில் திருவந்திபுரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? மலைப்படியில் ஒரு ஜோடி இறங்கினால் மூன்று ஜோடி ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாயனம். ஏதோ ஒரு கல்யாணத்தில் எங்களைப் பெண்வீட்டார் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார்கள், வாங்கிப் பூசிக்கொண்டோம். இன்னொன்றில் என்னைப் பார்த்து ஒரு அம்மா "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மணி பத்தாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு மண்டபத்துச் சாப்பாட்டு வரிசையில் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு ஆள் கையை ஆட்டினார். அய்யனார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை.

"எம்மா எஸ்தரு! நீயும் வந்துட்டியா? மேடம் யாரு, பொண்ணு வூடா மாப்ள வூடா?"

"மேனேஜர் சார் எங்க அண்ணே?"

"உள்ள சாம்பார் வாளியோட ஓடிக்கினு இருக்காரு. மில்லுலதான் மேனேஜரு, இங்க தாய்மாமன்."

மேனேஜர் எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "மறந்தே பூட்டேன் மேடம். மொதல்ல சாப்புடுங்க" என்றார். மறுத்தால் கதை நடக்காது என்று உட்கார்ந்தோம். எதிர்ப் பந்தி முடிந்து இலை எடுத்த மேசையைத் தோள் துண்டால் துடைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், எஸ்தரிடமிருந்து வெறும் தாளை வாங்கினார். நாங்கள் வத்தக்குழம்புக்கு வருவதற்குள் எழுதி முடித்துவிட்டார். ஆங்கிலத்தில் ஐந்தே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இவர் எங்களிடம் மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். போன அக்டோபரில் கழுவும் தண்ணீரை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார், ஒரு பேட்ச் கெட்டது. ஏன் கெட்டது என்பதை எங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, இவர் கண்டுபிடித்தார். நான்காவது ஃபில்டர் பிரஸ்ஸை வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, இவருடைய ஆராய்ச்சிக்கு விடுகிறோம். மறுபடியும் கெட்டால் அது எங்கள் பொறுப்பு."

"சார், ரெண்டாவது வரி வேணாமே" என்றேன்.

"அத எடுத்துட்டா மூணாவது எதுக்கு? மூணு இல்லன்னா நாலாவது பிரஸ்ஸ நான் ஏன் குடுக்குறேன்?"

நான் பையிலிருந்து என் மெருகேற்றிய கடிதத்தை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஒரு நிமிஷ வேலை சார்."

அவர் கோபப்படவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நீங்க புரொஃபசரு. கமிட்டிக்கு எது புடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். எது வேணும்னு சொல்லுங்க, அதுல போடுறேன். பொண்ணு மாப்ளய அனுப்பி வைக்கணும், சீக்கிரம்."

வெளியே ஏதோ ஒரு கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியது. வலது கை முழுக்கக் குழம்பு. எதிரே இரண்டு காகிதம். ஒன்று என் இருபத்தாறு வருட அனுபவம் சொல்லும் காகிதம். குழுவில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். 'பேட்ச் கெட்டது' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஏற்கெனவே ஒரு பையனை என் அவசரத்தால் தொலைத்தவள் நான். இவளையும் தொலைத்தால் அடுத்த வாய்ப்பே கிடையாது. எஸ்தரைப் பார்த்தேன். உண்மையில், அவளே என் கடிதத்தைக் காட்டிவிட்டால் பாரம் குறையும் என்றுதான் பார்த்தேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். "மேடம், மூணு வருசத்துல அந்த ஆபீஸ்ல எம்பேரு இருக்கற ஒரே பேப்பர் அந்த மெமோதான். அதையும் மறச்சிட்டா நான் அங்க வேலை செஞ்சதுக்கே அத்தாட்சி இல்ல" என்றாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு விரிசல் புரிந்தது. என் கடிதத்தில் வழிந்ததெல்லாம் சுத்தமான தண்ணீர். அது எதையும் கழுவாமல் ஓடிவந்த தண்ணீர். இவள் செய்த வேலையெல்லாம் உள்ளேயே கிடந்தது. குழு எத்தனை சொட்டு எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"அதுல போடுங்க சார்" என்று கையால் எழுதிய தாளைக் காட்டினேன். என் கடிதத்தை இலையோடு சேர்த்து மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். மேனேஜர் டைம் ஆபீஸுக்குப் போன் செய்து, "எஸ்தர் வருது, சீல் குடுத்துடு" என்றார். அவள் குடிகாட்டுக்கு ஓடினாள். நான் கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நான் அடித்துத் தள்ளிய வரிகளையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். ஸ்டீம் பைப் வந்தது, சொட்டு வந்தது, விரிசல் வந்தது. மூன்று வரித் தலைப்பு போனது. முதல் வரியில், "எங்கள் ஆலையில் தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது." திங்கட்கிழமை மூன்றே காலுக்கு எஸ்தர் சென்னையிலிருந்து போன் செய்தாள். கொடுத்தாயிற்று. நான் வகுப்பில் இருந்தேன். போனை எடுக்கும் பழக்கம் வகுப்பில் எனக்கு இல்லை. அன்று எடுத்தேன்.

ஏப்ரலில் நேர்முகம். வழிகாட்டிகள் பின்வரிசையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் பத்து நிமிடம். எஸ்தர் உட்கார்ந்ததும் தலைவர், காதுக் கருவி வைத்த ஒரு வயதான பொறியாளர், அந்தக் கையெழுத்துக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "கெட்டுப்போன அந்தப் பேட்சைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எஸ்தர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டு வாக்கியத்தில் தடுமாறினாள். "சார், தமிழ்ல சொல்லட்டுமா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். எழுந்து பலகைக்குப் போனாள். கட்டியை வரைந்தாள், விரிசலை வரைந்தாள், தண்ணீர் போன வழியை வரைந்தாள். அய்யனார் எங்கே நிற்பார், பைப் எங்கே இருக்கும், சொட்டு எத்தனை நொடியில் காயும் என்று எல்லாவற்றையும் ஆளே அங்கே நிற்பதுபோலச் சொன்னாள். நான் ஆறு மாதமாக என் அறையில் பார்த்த பெண் இல்லை இவள்.

குழுவில் ஒருவர் குறுக்கிட்டார். "பைப் மேல சொட்டு விடறதெல்லாம் சயின்ஸாம்மா?"

"இல்ல சார். அவுங்க முப்பது வருசமா கேக்கற கேள்வி அது. சயின்ஸு நான்தான் இனிமே பண்ணணும்."

"சரி, உங்க மேனேஜர் நாலாவது பிரஸ்ஸை உண்மையிலேயே குடுப்பாரா? எல்லாரும் குடுக்கறேன்னுதான் எழுதறாங்க."

"கெழமையே எழுதிட்டாரு சார். செவ்வாக்கெழம."

சிரித்துவிட்டார்கள். தலைவர் கடிதத்தை மறுபடியும் ஒரு முறை படித்தார். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஜூன் மாதம் பட்டியல் வந்தது. எஸ்தர் பெயர் மூன்றாவதாக இருந்தது. ஆய்வகத் தாழ்வாரத்தில் நான் போட்ட கூச்சலில், ஏதோ விபத்து என்று நினைத்து அட்டெண்டர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். சந்தோஷத்தில் அவரையே கட்டிப்பிடிக்கப் போனேன், அவர் விலகிக்கொண்டார். ஆலைக்குப் போன் போட்டால் அய்யனார் எடுத்தார். "தெரியும் மேடம். எஸ்தரு பிரஸ்ஸுக்கு அந்தாண்ட நின்னு அழுதுக்கினு இருக்குது. நாங்க பாக்காத மாரி இருக்கோம்" என்றார்.

அடுத்த மூன்றரை வருடத்தை விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு பேட்ச் கெட்டது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒரு செவ்வாய்க்கிழமை கூட அந்தப் பிரஸ்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை.

2012 மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. உங்களில் சிலர் அப்போது இங்கே மாணவர்களாக இருந்தீர்கள், பார்த்திருப்பீர்கள். காலை ஷிப்ட் முடித்துவிட்டு ஐந்து ஆபரேட்டர்கள் யூனிபாரத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேனேஜரும் வந்திருந்தார். எஸ்தர் வெள்ளைப் புடவையில், கொஞ்சமும் தடுமாறாமல் பேசினாள். கட்டிக்குள் இரண்டு இடத்தில் சின்ன மின்கம்பியைச் செருகி, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, வெளியே வரும் தண்ணீரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் உப்பையே பார்க்கும் வழி அவள் கண்டுபிடித்தது. கழுவும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வெளியூர்த் தேர்வாளர் மனம் நிறைந்து பாராட்டினார். பிறகு வழக்கப்படி, சபையில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கும்.

கடைசி வரிசையில் அய்யனார் எழுந்தார்.

"கேக்கலாங்களா?"

"தாராளமா" என்றார் தேர்வாளர்.

"எம்மா எஸ்தரு, நீ சொன்னதெல்லாம் சரி. பாதி நேரத்துல தண்ணிய நிறுத்துன்றே, நிறுத்திடறேன். பேட்ச் கார்டுல கெமிஸ்ட் கையெழுத்து கேக்கறாங்களே, அத யாரு போடுவா?"

எஸ்தர் மேனேஜரைப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிந்தால் அவளுக்கு ஆலையில் என்ன இடம் என்று அதுவரை ஒருவரும் பேசவில்லை. நாங்கள் கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம். மேனேஜர் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார்.

"அதுதான் போடும். நீலப் பாஸ் ரெடியா கெடக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லு."

கைதட்டியது யார் முதலில் என்று தெரியவில்லை. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. எஸ்தர் மேடையில் நின்றபடியே, "நான் போடறேன் அண்ணே" என்றாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அய்யனார் உட்கார்ந்தார். தேர்வு அதோடு முடிந்தது.

இனி உங்கள் கட்டுக்கு வருகிறேன். ஏழு விண்ணப்பம், ஏழு கம்பெனிக் கடிதம். ஏழிலும் இரண்டாவது பத்தியில், "இப்பயிற்சித் திட்டத்தில் பங்கு கொள்வதில் எங்கள் நிறுவனம் பெருமகிழ்ச்சி அடைகிறது" என்று ஒரே வரி. அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். 2005-ல் நான் எழுதியது. துறைக் கணினியில் ஏதோ ஒரு மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது போலிருக்கிறது. முதல் வேலையாக அதை அழியுங்கள்.

ஏழில் ஒன்று குடிகாட்டு ஆலைக்கு எழுதியது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முனைவர் எஸ்தர் என்று அடித்திருக்கிறீர்கள். அவள் போட மாட்டாள், வீணாக அனுப்பி அவமானப்படாதீர்கள். நாளைக் காலை கடலூர் பஸ்ஸில் ஏறிக் குடிகாட்டில் இறங்குங்கள். நாளை செவ்வாய்க்கிழமை, நான்காவது பிரஸ் பக்கத்தில்தான் இருப்பாள். போனதும் கடிதம் கேட்காதீர்கள். "உங்கள் ஆலையில் என்ன கெட்டுப்போகிறது?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடித்ததும், ஒரு வெறும் தாளை எடுத்து அவளிடம் கொடுங்கள்.